கோமோ ஏரி: டவுன் பஸ் மாதிரி படகேறி இத்தாலியின் ஏரிக்கரை ஊர்களைச் சுற்றுவது எப்படி?

மே மாதம், காலை 11 மணி. வரென்னா படகுத்துறையில் வரிசை வளைந்து வளைந்து நிற்கிறது. டிராலி பெட்டிகள், குழந்தை வண்டிகள், செல்ஃபி ஸ்டிக்குகள். எதிரே ஏரி பளபளக்கிறது. அக்கரையில் பெல்லாஜியோ தெரிகிறது. ஆனால், படகில்தான் இடம் இல்லை.

“ரீல்ஸ்ல பார்த்தப்போ இந்த வரிசை இல்லையே மச்சான்” என்றேன். மிலானில் படிக்கும் நண்பன் சிரித்தான். “வரிசையை யாருடா ரீல்ஸ் போடுவாங்க?”

எங்களுக்கு முன்னால் இருபது பேர் இருக்கும்போதே முதல் படகு நிரம்பிப் புறப்பட்டுவிட்டது. அந்த இருபது பேரில் ஒரு பாட்டியும் இருந்தார். ஒரு கையில் தடி, இன்னொரு கையில் மருத்துவ ஃபைல். நண்பன் இத்தாலிய மொழியில் பேச்சுக் கொடுத்தான். அக்கரையில் மெனாஜ்ஜியோவில் டாக்டரைப் பார்க்கப் போகிறாராம். சீசன் தொடங்கிவிட்டால் ஒன்றிரண்டு படகு முன்னதாகவே வந்து நின்றுகொள்வது அவருக்குப் பழகிவிட்டதாம்.

அந்த இடத்தில்தான் உறைத்தது. நமக்கு அது உல்லாசப் படகு. அந்தப் பாட்டிக்கு டவுன் பஸ்.

இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் கோமோ ஏரிப் பயணத்தைத் திட்டமிடுவது சுலபம். எந்தப் படகில் ஏறுவது, எங்கே இறங்குவது, எவ்வளவு செலவாகும், எங்கே ஏமாறுவோம் என எல்லாமே அதிலிருந்துதான் வருகிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கோமோ ஏரி எங்கே இருக்கிறது?

இத்தாலியின் வடக்கே, லொம்பார்தி மாநிலத்தில், ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் இருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் ‘லாரியோ’ என்றும் சொல்வார்கள். இத்தாலியில் கார்டா, மஜ்ஜோரே ஏரிகளுக்கு அடுத்த மூன்றாவது பெரிய ஏரி. பரப்பளவு சுமார் 146 சதுர கிலோமீட்டர். ஆழம் 400 மீட்டருக்கும் அதிகம்.

வரைபடத்தில் பார்த்தால் ஆங்கில ‘ஒய்’ எழுத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தது போல இருக்கும். தென்மேற்குக் கால் முடியும் இடத்தில் கோமோ நகரம். தென்கிழக்குக் கால் முடியும் இடத்தில் லெக்கோ. வடக்கு முனையில் கொலிக்கோ. மூன்று கிளைகளும் சேரும் இடத்தில், தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலத்தின் நுனியில் பெல்லாஜியோ.

அத்தா என்ற ஆறு வடக்கே கொலிக்கோ பக்கம் ஏரிக்குள் நுழைந்து, லெக்கோ வழியாக வெளியேறுகிறது. கோமோ நகரம் இருக்கும் கிளைக்கு வெளியேறும் வழியே கிடையாது. அதனால்தான் பெருமழைக் காலத்தில் கோமோவின் ஏரிக்கரைச் சதுக்கம் வரை தண்ணீர் ஏறிவிடுகிறது.

மிலானிலிருந்து வர இரண்டு வழிகள். மிலான் சென்ட்ரல் நிலையத்திலிருந்து சோந்திரியோ, திரானோ பக்கம் போகும் ரயிலில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் வரென்னா. போகும்போது இடது பக்க ஜன்னலோரம் உட்காருங்கள், ஏரி அந்தப் பக்கம்தான் வரும். இன்னொரு வழி, மிலான் கதோர்னா நிலையத்திலிருந்து கோமோ நோர்ட் லாகோ. இதுவும் சுமார் ஒரு மணி நேரம். ரயிலை விட்டு இறங்கினால் ஏரி எதிரிலேயே இருக்கும்.

சரி, ஏன் படகு? கார் எடுத்தால் என்ன?

எடுக்கலாம். ஆனால், வருத்தப்படுவீர்கள்.

மலை நேராகத் தண்ணீரில் இறங்கும் நிலம் இது. ஊர்கள் எல்லாம் மலைக்கும் தண்ணீருக்கும் நடுவே கிடைத்த துண்டு இடத்தில் ஒட்டிக்கொண்டு இருக்கின்றன. மேற்குக் கரைச் சாலைக்கு ‘ரெஜினா’ என்று பெயர். ராணி என்று அர்த்தம். பல இடங்களில் எதிரே பஸ் வந்தால் ஒரு வண்டி நின்று வழிவிட வேண்டும். ட்ரெமெஸ்ஸினா பகுதியில் இந்த நெரிசலைத் தவிர்க்கவே சுரங்கப் பாதைகளோடு புறவழிச்சாலை கட்டுகிறார்கள். பார்க்கிங் கிடைப்பது அதைவிடக் கஷ்டம்.

இன்னொரு காரணம் முக்கியமானது. இந்த ஊர்களின் முகமே ஏரியைப் பார்த்துத்தான் இருக்கிறது. பழைய மாளிகைகளுக்கு வாசல், படித்துறை, படகு நிறுத்தும் கொட்டகை எல்லாமே தண்ணீர்ப் பக்கம். சாலையிலிருந்து பார்த்தால் மதில் சுவர்தான் தெரியும். படகிலிருந்து பார்த்தால்தான் தோட்டமும் மாளிகையும் தெரியும். சாலை வருவதற்கு முன்பு இங்கே தெருவே ஏரிதான். நீராவிப் படகுகளே 1826-ல் இங்கே ஓடத் தொடங்கிவிட்டன.

எந்தப் படகு எதற்கு?

பொதுப் படகுகளை இயக்குவது ‘நவிகாசியோனே லாகி’ என்ற அரசு நிர்வாகம். கார்டா, மஜ்ஜோரே ஏரிகளிலும் இவர்கள்தான். மூன்று வகைப் படகுகள் இருக்கின்றன. குழப்பிக்கொள்ளக் கூடாது.

1. பத்தெல்லோ: மெதுவான பயணிகள் படகு. ஊர் ஊராக நின்று போகும். கோமோவிலிருந்து பெல்லாஜியோ வர இரண்டு மணி நேரம் ஆகும். மேல்தளத்தில் வெயில், காற்று, காட்சி எல்லாம் உண்டு. வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு இதுதான் சரி.

2. சர்வீசியோ ராப்பிதோ: விரைவுப் படகு. அதே தூரத்தை ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும். மூடிய அறை, விமானம் மாதிரி இருக்கைகள். கட்டணம் கூடுதல். பல நிறுத்தங்களில் நிற்காது. அவசரம் என்றால் மட்டும் போதும்.

3. த்ரகெத்தோ: கார் ஏற்றும் படகு. ஏரியின் நடுப்பகுதியில் வரென்னா, பெல்லாஜியோ, மெனாஜ்ஜியோ, கடெனாபியா இடையே ஓடும். ‘கார் இல்லாதவங்க ஏறக் கூடாதோ’ என்று நிறைய பேர் நினைத்துவிடுகிறார்கள். தாராளமாக ஏறலாம். பெரிய படகு என்பதால் கூட்டத்தையும் தாங்கும். வரென்னாவிலிருந்து பெல்லாஜியோவுக்கு 15 நிமிடம்தான். அந்தப் பாட்டியோடு நாங்கள் கடைசியில் ஏறியதும் இதில்தான்.

டிக்கெட் கவுன்ட்டரில் ‘நடு ஏரி’ ஒருநாள் பாஸ் கேளுங்கள். ஒரே நாளில் மூன்று, நான்கு ஊர் இறங்கி ஏறுவதாக இருந்தால் தனித்தனி டிக்கெட்டைவிட இது லாபம். ஆனால் இரண்டு விஷயம் கவனிக்கணும். விரைவுப் படகுக்கு இது மட்டும் போதாது, கூடுதல் கட்டணம் உண்டு. அதேபோல, பாஸ் இருப்பதால் படகில் இடம் நிச்சயம் என்று அர்த்தமில்லை. வரிசை எல்லோருக்கும் ஒன்றுதான்.

எங்கெல்லாம் இறங்கலாம்?

வரென்னா: மொத்தமே ஆயிரம் பேர்கூட வசிக்காத ஊர். மஞ்சள், செம்மண் நிறச் சுவர்கள், தண்ணீருக்கு இறங்கும் படிச்சந்துகள். படகுத்துறையிலிருந்து ஊருக்குள் போக, தண்ணீர்மேல் தொங்குவது போல ‘காதலர் நடைபாதை’ ஒன்று உண்டு. ஏரியோரம் நீளமாகக் கிடக்கும் வில்லா மொனாஸ்தேரோ தோட்டத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மூச்சு வாங்கத் தயார் என்றால் மேலே வெசியோ கோட்டைக்கு ஏறலாம். மூன்று கிளைகளும் பிரியும் இடம் அங்கிருந்து தெளிவாகத் தெரியும்.

பக்கத்திலேயே ‘ஃப்யூமெலாத்தே’ என்றொரு ஆறு இருக்கிறது. பால் ஆறு என்று அர்த்தம். நீளம் சுமார் 250 மீட்டர்தான்! இத்தாலியின் மிகக் குட்டி ஆறுகளில் ஒன்று. வசந்த காலத்தில் நுரைத்துக்கொண்டு வரும், குளிர்காலத்தில் நின்றுவிடும்.

பெல்லாஜியோ: லாஸ் வேகாஸ் சூதாட்ட ஹோட்டலுக்குப் பெயர் கொடுத்த ஊர். எல்லோரும் இங்கேதான் இறங்குகிறார்கள். படிக்கட்டுத் தெருக்களில் மதியம் நடக்கவே முடியாது. போட்டோ எடுத்த கையோடு இடது, வலது பார்க்காமல் தெற்கே நடந்து வில்லா மெல்சி தோட்டத்துக்குப் போய்விடுங்கள். நெப்போலியன் கால இத்தாலியக் குடியரசின் துணைத் தலைவராக இருந்த ஃபிரான்செஸ்கோ மெல்சிக்காகக் கட்டப்பட்ட மாளிகை. தண்ணீரோரம் மரநிழல், பெஞ்ச், அமைதி. கூட்டம் பாதிகூட இருக்காது.

லென்னோ: இந்தியர்களுக்கு மிகவும் பழக்கமான வில்லா தெல் பால்பியானெல்லோ இங்கேதான். 2018 நவம்பரில் தீபிகா படுகோன் – ரன்வீர் சிங் திருமணம் நடந்த இடம். ‘ஸ்டார் வார்ஸ்’ இரண்டாம் எபிசோடில் அனக்கின் – பத்மே கல்யாணம் நடப்பதும், 2006-ல் வந்த ‘கசினோ ராயல்’ படத்தில் ஜேம்ஸ் பாண்ட் காயம் ஆறி உட்கார்ந்திருப்பதும் இதே தோட்டத்தில்தான்.

ஆனால், இந்த வீட்டின் கதை கல்யாணத்தைவிட சுவாரசியம். 18-ம் நூற்றாண்டின் கடைசியில் கார்தினால் துரீனி கட்டியது. கடைசி உரிமையாளர் குய்தோ மொன்சினோ ஒரு மலையேறி. 1973-ல் எவரெஸ்ட் ஏறிய முதல் இத்தாலியக் குழுவை வழிநடத்தியவர். 1988-ல் அவர் இறந்தபோது வீட்டை ‘ஃபாய்’ என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அறக்கட்டளைக்கு எழுதி வைத்தார். அதனால்தான் இன்று டிக்கெட் எடுத்து யார் வேண்டுமானாலும் உள்ளே போக முடிகிறது. அவருடைய பயணப் பொருட்கள் மேல்மாடியில் இருக்கின்றன. வாரத்தில் சில நாட்கள் மூடியிருக்கும். ஆன்லைனில் தேதி பார்த்து முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். லென்னோ துறையிலிருந்து நடந்தும் போகலாம், சின்னப் படகிலும் போகலாம்.

கோமாச்சினா தீவு: ஏரியில் இருக்கும் ஒரே தீவு. ஒரு காலத்தில் கோட்டையும் தேவாலயங்களும் நிறைந்த ஊர். 1169-ல் கோமோ நகரப் படை வந்து தரைமட்டமாக்கியது. தப்பித்தவர்கள் படகேறிப் போய்க் குடியேறியது வரென்னாவில். ஆண்டுதோறும் ஜூன் மாதக் கடைசியில், புனித யோவான் திருநாளை ஒட்டி இங்கே வாணவேடிக்கை நடக்கும். நத்தை ஓட்டில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டு, நூற்றுக்கணக்கில் தண்ணீரில் மிதக்கவிடுவார்கள். அகல் விளக்குக்கு நத்தை ஓடு!

ட்ரெமெஸ்ஸோ, கடெனாபியா: வில்லா கார்லோத்தாவின் தோட்டத்துக்காகவே ஏப்ரல், மே மாதங்களில் கூட்டம் வரும். அசேலியா பூக்கள் சுவர் கட்டினாற்போல் பூத்திருக்கும். மேற்குக் கரையில் கொலோன்னோவிலிருந்து கடெனாபியா வரை ‘கிரீன்வே’ என்ற 10 கிலோமீட்டர் நடைபாதை இருக்கிறது. ஒரு ஊர் நடை, அடுத்த ஊருக்குப் படகு என்று மாற்றி மாற்றிப் போகலாம். இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

டொங்கோ: வடக்கே, சுற்றுலாக் கூட்டம் குறைவான ஊர். ஆனால் வரலாற்றில் பெரிய பெயர். 1945 ஏப்ரல் 27-ல் தப்பி ஓடிக்கொண்டிருந்த முசோலினியை எதிர்ப்புப் படையினர் இங்கே பிடித்தார்கள். மறுநாள் தெற்கே மெஸ்ஸெக்ரா ஊரில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

மந்தெல்லோ: லெக்கோ கிளையில் இருக்கிறது. பைக் பிரியர்களுக்கு மட்டும் ஒரு ரகசியம்: மோட்டோ குஸ்ஸி கம்பெனி 1921 முதல் இந்த ஊரில்தான். மிலான் – வரென்னா ரயில் பாதையிலேயே வரும்.

நெஸ்ஸோவில் நாங்கள் செய்த தப்பு

கோமோ கிளையின் கிழக்குக் கரையில் நெஸ்ஸோ. இரண்டு ஓடைகள் சேர்ந்து, பாறைப் பிளவுக்குள் அருவியாக விழுந்து, ஊரின் நடுவே ஏரியில் கலக்கின்றன. அந்த வாயின்மேல் வளைந்து நிற்கும் பழைய கல் பாலம். படகிலிருந்து பார்த்ததும் “இறங்கிடலாம்டா” என்று குதித்துவிட்டோம்.

பாலத்தில் நின்று போட்டோ எடுத்து, காலை நனைத்து, 40 நிமிடம் ஆனதும் படகுத்துறைக்கு வந்தோம். அட்டவணையைப் பார்த்தால், அடுத்த படகு வர மூன்று மணி நேரம் இருக்கிறது!

தப்பு எங்களுடையதுதான். நடு ஏரியில் அரைமணிக்கு ஒன்று பார்த்த பழக்கத்தில், எல்லா ஊருக்கும் அப்படியே இருக்கும் என்று நினைத்துவிட்டோம். சின்ன ஊர்களுக்கு நாளைக்குச் சில படகுகள்தான். பருவம் மாறினால் அட்டவணையும் மாறும்.

காப்பாற்றியது பஸ். நூற்றுக்கணக்கான கல் படிகள் ஏறி மேலே சாலைக்குப் போனால், கோமோவுக்கும் பெல்லாஜியோவுக்கும் இடையே ஓடும் சி30 பஸ் நிற்கும். மேற்குக் கரையில் இதே வேலையைச் செய்வது சி10. இந்த இரண்டு எண்களை மட்டும் போனில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கிவிடுவது நல்லது. ‘தபாக்கி’ எனப்படும் பெட்டிக்கடைகளில் கிடைக்கும்.

அன்றைக்குக் கற்ற பாடம் ஒரு வரியில்: படகிலிருந்து இறங்கியதும் முதலில் போட்டோ எடுக்க வேண்டியது ஏரியை அல்ல, துறையில் ஒட்டியிருக்கும் அட்டவணையை. திரும்பும் படகையும், அன்றைய கடைசிப் படகையும் பார்த்துவிட்டு நகருங்கள். கடைசிப் படகை விட்டால் இரவில் டாக்ஸிக்கு அழ வேண்டியதுதான்.

நாமே படகு ஓட்டலாமா?

ஓட்டலாம். இத்தாலியில் 40 குதிரைத்திறன் வரையிலான என்ஜின் பொருத்திய சிறிய படகை 18 வயது நிரம்பியவர்கள் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டலாம். வாடகைக்குக் கொடுப்பவர்கள் பத்து நிமிடம் சொல்லித் தருவார்கள். நமக்கு நாமே கேப்டன் என்பது ஜாலியான விஷயம்தான். ஆனால், ஏரி நீச்சல் குளம் இல்லை.

நம் ஊரில் வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கிலிருந்து வந்தால் தென்றல் என்று பெயர் வைத்திருக்கிறோம் அல்லவா? இங்கேயும் அப்படித்தான். விடியற்காலையில் வடக்கிலிருந்து வீசுவது ‘திவானோ’. நண்பகலுக்குப் பிறகு தெற்கிலிருந்து வீசுவது ‘ப்ரேவா’. காலையில் கண்ணாடி போல் இருக்கும் ஏரி மதியத்துக்கு மேல் அலையடிப்பது இதனால்தான். புதிதாக ஓட்டுபவர்கள் காலை நேரத்தை எடுத்துக்கொள்வது நல்லது.

கோடையில் மலைப்பக்கமிருந்து திடீர்ப் புயல் மழை வரும். 2023 மே மாதம் பக்கத்து மஜ்ஜோரே ஏரியில் இப்படி வந்த காற்றில், அளவுக்கு அதிகமாக ஆள் ஏற்றிய படகு கவிழ்ந்து நான்கு பேர் இறந்தார்கள். எனவே வானிலை எச்சரிக்கை இருந்தால், கட்டிய பணம் போனாலும் பரவாயில்லை என்று விட்டுவிடுங்கள். லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள். படகிலிருந்து குதித்து நீந்தும் ஆசையும் வேண்டாம். மேலே வெயில் சுட்டாலும் உள்ளே தண்ணீர் ஜில்லென்று இருக்கும். கரையிலிருந்து சில அடியிலேயே பள்ளம் சட்டென்று இறங்கிவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கே கை கால் மரத்துப்போகும்.

செலவு எவ்வளவு ஆகும்?

ஒரு யூரோ சுமார் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கணக்கு சுலபம்.

* நடு ஏரியில் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் பொதுப் படகு: சுமார் 5 யூரோ.
* நாமே ஓட்டும் வாடகைப் படகு: ஒரு மணி நேரத்துக்கே 100 யூரோவை நெருங்கும், பெட்ரோல் தனியாக இருக்கலாம்.
* ஓட்டுநரோடு தனிப்படகு: அதைப்போல இரண்டு மடங்கு, சீசனில் அதற்கும் மேலே.

அதாவது, தனிப்படகில் ஒரு மணி நேரம் போகும் பணத்தில் இரண்டு பேர் பல நாட்கள் பொதுப் படகில் சுற்றலாம். ஐந்தாறு பேர் சேர்ந்து பகிர்ந்துகொண்டால் மட்டும் தனிப்படகு கட்டுப்படியாகும்.

தங்கும் செலவுதான் பெரிது. பெல்லாஜியோ, வரென்னாவில் விலையைப் பார்த்தாலே மயக்கம் வரும். ரயில் பாதையில் இருக்கும் பெல்லானோ, கொலிக்கோ, லெக்கோ ஊர்களையும், எதிர்க்கரையில் மெனாஜ்ஜியோவையும் தேடிப் பாருங்கள். தங்கும் இடங்களில் ஒரு ஆளுக்கு ஒரு இரவுக்கு இவ்வளவு என்று சுற்றுலா வரி தனியாக வாங்குவார்கள். ஹோட்டல் பில்லில் ‘கொபெர்த்தோ’ என்று ஒரு வரி இருக்கும். அது ஏமாற்று அல்ல, மேஜையில் உட்காருவதற்கான கட்டணம்.

சாப்பாட்டில் ஒன்றைத் தவற விடாதீர்கள். ‘மிஸ்ஸொல்தீனி’ என்பது ஏரி மீனை உப்புப் போட்டு வெயிலில் காயவைத்துச் செய்வது. சுட்டு, மக்காச்சோளக் களியான பொலெந்தாவோடு தருவார்கள். வாசனை வந்ததுமே “டேய், இது கருவாடுடா!” என்று கத்திவிட்டேன். களியும் கருவாடும் சாப்பிட ஆல்ப்ஸ் வரை போகணுமா என்று கேட்காதீர்கள். சைவர்களுக்கு ‘பிட்ஸோக்கெரி’ இருக்கிறது. பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து வந்த உணவு. கோஸ், உருளைக்கிழங்கு, சீஸ் போட்ட தட்டையான பாஸ்தா. பசி அடங்கிவிடும்.

இத்தாலிக்கு ஷெங்கன் விசா வேண்டும். பெரியவர்களுக்கு விசா கட்டணம் 90 யூரோ, குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். கோடை விடுமுறைக்குப் போவதாக இருந்தால் பல வாரங்கள் முன்பே அப்பாயின்ட்மென்ட் பார்த்துவிடுங்கள்.

எப்போது போகலாம்?

ஏப்ரல் கடைசி முதல் ஜூன் நடு வரை, பிறகு செப்டம்பர், அக்டோபர் தொடக்கம். ஆகஸ்டில் இத்தாலியே விடுமுறையில் இருக்கும். குறிப்பாக ஆகஸ்ட் 15 அன்று தேசிய விடுமுறை, அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை பல கடைகள், ஹோட்டல்கள், தோட்டங்கள் மூடிவிடும், படகுகளும் குறையும். பனி மூடிய மலையையும் அமைதியையும் மட்டும் தேடுபவர்களுக்கு அது சரியான காலம்.

வார நாட்களில் வாருங்கள். சனி, ஞாயிறு மிலான்காரர்களே கிளம்பி வந்துவிடுவார்கள்.

‘ஒரே நாளில் முடிச்சுடலாம்’ – இதில் என்ன பிரச்சினை?

நிறைய பேர் செய்வது இதுதான். காலையில் மிலானில் ரயில், வரென்னா, பெல்லாஜியோ, பால்பியானெல்லோ, மாலையில் திரும்ப மிலான். எல்லோரும் ஒரே மாதிரித் திட்டம் போடுவதால், எல்லோரும் காலை 10 மணிக்கு மேல் ஒரே துறையில் நிற்கிறோம். மாலை 5 மணிக்கு அதே துறையில் திரும்ப நிற்கிறோம். நடுவில் பார்ப்பது பாதி ஏரி, பாதி மற்றவர்களின் முதுகு.

இதற்கான விலையை ஊர்க்காரர்களும் கொடுக்கிறார்கள். ஆயிரம் பேர்கூட இல்லாத ஊரில் ஒரே நாளில் அதைவிடப் பல மடங்கு பேர் இறங்கினால் என்ன ஆகும்? மளிகைக் கடை இருந்த இடத்தில் நினைவுப் பொருள் கடை வருகிறது. வாடகைக்குக் கிடைத்த வீடு, நாள் வாடகை வீடாக மாறுகிறது. ஒருநாள் பயணிகளிடம் கட்டணம் வசூலிக்கலாமா என்று கோமோ நகரில் பேச்சே எழுந்தது. லாலியோ ஊரில் நடிகர் ஜார்ஜ் க்ளூனி வீட்டு வாசலில் கூட்டம் கூடாமல் இருக்க அபராத விதியே போட்டார்கள்.

நாம் போகாமல் இருப்பது தீர்வல்ல. இந்த ஊர்களுக்குச் சோறு போடுவதில் சுற்றுலாவுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. ஆனால், சின்னச் சின்னதாகச் சிலவற்றைச் செய்யலாம்:

* ஒரு இரவாவது ஏரிக்கரையில் தங்குங்கள். முடிந்தால் இரண்டு.
* காலை 9 மணிக்கு முன்பும், மாலை 6 மணிக்குப் பிறகும் படகு ஏறுங்கள். அந்த நேரத்தில்தான் வெளிச்சமும் அழகு.
* பெரிய பெட்டிகளை அறையிலோ, ரயில் நிலைய லாக்கரிலோ விட்டுவிட்டு வாருங்கள். ஒரு பெட்டி வைக்கும் இடத்தில் ஒரு ஆள் நிற்கலாம்.
* நான்கு ஊர் பார்ப்பதற்குப் பதில் இரண்டு ஊர் பாருங்கள். அதில் ஒன்று யாரும் சொல்லாத ஊராக இருக்கட்டும்.
* வரிசையில் மருத்துவ ஃபைலோடோ, காய்கறிப் பையோடோ யாராவது நின்றால், முன்னால் விடுங்கள்.

மறுநாள் காலைப் படகு

நாங்கள் மெனாஜ்ஜியோவில் ஒரு ஹாஸ்டலில் இரண்டு இரவு தங்கினோம். மறுநாள் காலை 7 மணிக்கெல்லாம் துறைக்குப் போய்விட்டோம். வரிசை இல்லை. திவானோ காற்றில் ஜாக்கெட் இல்லாமல் நிற்க முடியவில்லை.

படகில் ஏறினால், பள்ளிப் பையோடு தூங்கி வழியும் பசங்க. வெள்ளைச் சட்டையும் கறுப்பு பேன்ட்டுமாக ஹோட்டல் வேலைக்குப் போகும் நான்கு பேர். ஒரு பிளம்பர், கருவிப் பெட்டியோடு. படகு ஊழியர் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். ஒருவரும் ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை. எல்லோரும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே மலை உச்சியில் வெயில் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

“நாம மெட்ரோல போற மாதிரியே இருக்குல்ல?” என்றான் நண்பன்.

பெல்லாஜியோவில் இறங்கினோம். கடைகள் இன்னும் திறக்கவில்லை. படிக்கட்டுத் தெருவை ஒருவர் தண்ணீர் தெளித்துக் கழுவிக்கொண்டிருந்தார். முந்தைய நாள் தோளோடு தோள் இடித்து நகர்ந்த அதே தெரு. ஒரு காபிக் கடையில் நின்றபடியே காபி குடித்தோம். உள்ளூர்க்காரர்கள் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். எங்களை யாரும் கண்டுகொள்ளவில்லை.

முதல் நாள் முழுக்கச் சுற்றியும் கிடைக்காத கோமோ ஏரி, அந்த ஒரு மணி நேரத்தில் கிடைத்தது. 9.30 மணிக்குக் கூட்டப் படகு கரையைத் தொட்டபோது, நாங்கள் திரும்பும் படகில் இருந்தோம்.